நாற்பத்தொன்றாவது அலறல்

என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சாவார். சனிக்கிழமை என்றால் நாற்பதைத் தாண்டும்.

பதறாதீர்கள், அவர் டப்பிங் கலைஞர். கதாநாயகனுக்குக் குரல் கொடுக்கிறவர் இல்லை. கதாநாயகன் ஒற்றை ஆளாகப் பத்துப் பேரைப் பந்தாடுகிறானே, அந்தப் பத்துப் பேருக்கும் குரல் கொடுக்கிறவர். 'விடாதே, பிடி', 'ஐயோ', 'ஆ'. பதினாறு வருடமாக இவருடைய வசனம் இவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று இவரைத் தேடி வந்தது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், கண்ணில் படுகிறவனையெல்லாம் சுட்டுத் தள்ளுகிற கேம். அதில் சுடப்படுகிற அத்தனை பேரும் என் வீட்டுக்காரர்தான். தோளில் பட்டால் ஒரு மாதிரி அலறுவார், காலில் பட்டால் ஒரு மாதிரி, மாடியிலிருந்து விழுந்தால் ஒரு மாதிரி. ஆகமொத்தம் நாற்பது சாவு. கேம் சக்கைப்போடு போட்டது. இரண்டாம் பாகத்துக்கு இன்னும் நாற்பது வேண்டும் என்றார்கள்.

இதில் என் மகள் எங்கே வருகிறாள் என்றால், இந்த நாற்பதையும் பற்றி அவள் என்னிடம் ஒன்றைச் சொல்லப் பயந்தாள். அவள் சொல்வாளா மாட்டாளா என்று நான் இரண்டு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வாரநாட்களில் அவருக்கு ஸ்டுடியோவில் வேலை, வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டிலேயே பதிவு செய்வார். படுக்கையறையை ஒட்டித் துணி வைக்கிற சின்ன அறை ஒன்று இருக்கிறது. சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் கம்பளியும் அடித்து, நடுவில் ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். அவர் தலைக்கு மேலே என் துணிமணிகள் தொங்கும். என் துணிகளுக்கு வாயிருந்தால் எத்தனை சாவைப் பார்த்தோம் என்று கதை கதையாகச் சொல்லும்.

எந்த அலறலாக இருந்தாலும் மூன்று தடவை எடுப்பார். முதல் டேக் தொண்டைக்கு, இரண்டாவது மனசுக்கு, மூன்றாவது டைரக்டருக்கு என்பார். நடுநடுவே நான்கைந்து நிமிடம் தொண்டைக்கு ஓய்வு, ஒரு வாய் வெந்நீர். எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. உள்ளே ஒரு மனிதன் துடிதுடித்துச் சாவான், வெளியே நான் நோட்டுப் புத்தகம் திருத்துவேன், மகள் பென்சில் சீவுவாள். நன்றாக வந்திருந்தால், 'நல்லா இருந்துச்சுங்க!' என்று இங்கிருந்தே ஒரு குரல் கொடுப்பேன். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒருமுறை போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் அந்தக் கேமை விடாமல் விளையாடுகிறவராம். இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, மாடியிலிருந்து விழுகிற அலறலை ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

இதில் கூத்து என்னவென்றால், நான் பள்ளிக்கூட டீச்சர். மூன்றாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள். ஸ்கேலை எடுத்தால் துப்பாக்கி, பென்சிலை எடுத்தால் துப்பாக்கி. 'செத்துட்டே, விழுடா' என்று ஒருத்தன் சொன்னால் இன்னொருத்தன் பெஞ்சிலிருந்து தொப்பென்று விழுவான். நானும் பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியப் பேசுவேன். சின்னப் பிள்ளைகள் கையில் சுடுகிற கேமைக் கொடுக்காதீர்கள், தூக்கம் கெடும், கோபம் கூடும், அடுத்தவன் வலி வலியாகவே தெரியாமல் போய்விடும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசுவேன்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பண்றாருன்னு யாராவது கேட்டா?" என்று இவர் என்னைச் சீண்டுவார்.

"கேட்டா சொல்றேன், சாகறாருன்னு."

விளையாட்டாகத் தொடங்கி ஒருநாள் நிஜச் சண்டையே வந்துவிட்டது. நம் பொடிசு அந்தக் கேமை விளையாடலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பொடிசு என்றால் எங்கள் மகள். எட்டு வயது, ஒரே பிள்ளை.

"அவ விளையாடினா என்ன? நான் இங்க ஸ்டூல்ல உக்காந்து கத்தறத அவ பொறந்ததுல இருந்து பாக்கறா. அது பொய்னு உலகத்துலேயே நல்லாத் தெரிஞ்ச ஒரே குழந்தை அவதான்" என்றார்.

"பொய்தான். அப்பா சாகற சத்தத்தைக் கேட்டுட்டு பாயின்ட் எண்ணுவாளே, அது பொய்யா? எனக்கு அது வேண்டாம். என் வீட்டுல நடக்காது" என்றேன்.

அவர் எழுந்து போய் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். பிறகு, "நீ சொல்றதும் சரிதான்" என்று விட்டுக்கொடுத்தார். அவர் அப்படித்தான், வாதத்தில் ஜெயிக்கத் தெரியாத மனிதர்.

அதற்கப்புறம் ஒருநாள் வகுப்புத் தோழி வீட்டில் யாருடைய போனிலோ ஒரு சுடுகிற கேமை வைத்துக்கொண்டு பொடிசு கையும் களவுமாக என்னிடம் மாட்டினாள். நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் என் பெரிய ஆயுதம், வகுப்பில் முப்பத்திரண்டு பேரிடமும் செல்லுபடியாகும். மூன்றாம் நாள் காலையில் அவளாகவே வந்து, "இனிமே தொடவே மாட்டேன்மா, பேசுமா" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மடச்சி.

பள்ளிவிட்டு நான் வீடு திரும்ப ஐந்தரை ஆகும். அதுவரை பொடிசு இரண்டு மாடி மேலே என் நாத்தனார் வீட்டில் இருப்பாள். நாத்தனார் முடிதிருத்தும் பார்லரில் வேலை செய்கிறாள். காலை ஷிப்ட், மூன்றரைக்கு வந்துவிடுவாள். தனி ஆள், கலகலப்பானவள், அண்ணன் மேல் உயிர். என் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வாள். அந்த இரண்டு மணி நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். சாப்பாட்டு மேஜையில் கணக்கு நோட்டுகளைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். பொடிசு கூடத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதியில் உடைந்து, மூச்சு திணறி நின்றது. என் கையிலிருந்த சிவப்பு பேனாகூட ஒரு கணம் நின்றுவிட்டது. அட, இன்றைக்கு மனுஷன் நல்ல பார்மில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சுங்க!" என்று கத்தினேன்.

கத்திவிட்டு இரண்டாவது டேக்குக்காகக் காத்திருந்தபடி அடுத்த நோட்டை எடுத்தேன்.

பொடிசு எழுந்து உள்ளே போனதை அரைக்கண்ணால் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பதிவு நடக்கும்போது அங்கே போய் நிற்கக்கூடாது என்பது சட்டம். "அப்பாவைத் தொந்தரவு பண்ணாதே, இங்க வா!" என்று அதட்டினேன். வந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா போய் வரை."

போனாள். இரண்டு நோட்டு திருத்தியிருப்பேன், மறுபடி வந்து நின்றாள். சட்டை ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இது அதுல இல்ல."

"எது எதுல இல்ல?"

அவள் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுலடி?"

"கேம்ல. நாப்பதுலயும் இந்தச் சத்தம் இல்ல. எனக்கு எல்லாம் தெரியும். இது இல்லம்மா. புதுசு மாதிரியும் இல்ல."

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை வைத்துவிட்டு, டீச்சர் குரலில், "கேமா? நீ எங்க அதைக் கேட்டே?" என்று கேட்டேன். எழுதவே கை கூசுகிறது.

"அப்புறமாத் திட்டு! அப்பாவைப் போய்ப் பாரு!" என்று அவள் வீறிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது டேக் வரவே இல்லை. நாற்காலி பின்னால் சரிய ஓடினேன். கதவைத் திறந்தால் மனுஷன் ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. முகத்தில் இரத்தமே இல்லை. என் துணிகள் இரண்டு மூன்று கீழே விழுந்து அவர் மேல் கிடந்தன, பிடித்து எழப் பார்த்திருக்கிறார். தொட்டுப் பார்த்தேன், வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. "வயிறு" என்றார், அதற்குமேல் குரல் வரவில்லை. பொடிசு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்சுக்கு நான் போன் செய்ததும், அன்று வார லீவில் இருந்த நாத்தனார் மேல்மாடியிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்ததும் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "வயித்துல ஓட்டை விழுந்திருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றார். பொடிசு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவள் கை என் கைக்குள்ளிருந்து நழுவியது. நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

அவர் தியேட்டருக்குள் போனதும் பொடிசைக் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ எங்க விளையாடினா? உன் வீட்டுலதானே?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "என்கிட்ட இருக்கு அண்ணி. வேலை விட்டு வந்தா நான் கொஞ்ச நேரம் விளையாடுவேன். நாள் பூரா கஸ்டமர்கிட்ட சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிக்குது, யாரையாவது சுட்டாத்தான் ஆறுது. ஒருநாள் அவ பக்கத்துல உக்காந்து பாத்தா. 'அத்தை, இது எங்கப்பா!'ன்னு குதிச்சா. எனக்கு அவ சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல."

"எனக்குத் தெரியாம என் பிள்ளையை உக்கார வச்சு, அவங்கப்பனைச் சுடச் சொல்லிக் குடுத்திருக்கே!"

"சுடறதுன்னு நீங்க பாக்கறீங்க. அவ அதை அப்படிப் பாக்கல அண்ணி."

"எட்டு வயசுக்கு எப்படிப் பாக்கணும்னு தெரியுமா? தெரியாதுன்னுதானே வேண்டாம்னு சொன்னேன்!"

எங்கள் சத்தத்தில் தாழ்வாரத்தில் நடந்துபோன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நாத்தனாருக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அவ விளையாடலன்னா இன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நீங்க மூணாவது டேக் வரைக்கும் உக்காந்திருப்பீங்க."

என் வாய் அடைத்துப்போனது. என் நீளமான வாய். அவள் சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மையையும் நடுவில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அழுதோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலிக்கென்று ஏதாவது மாத்திரை எடுப்பாரா என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். எடுப்பார், கத்திக் கத்திக் கழுத்து வலி என்று இரண்டு வருடமாக, வெறும் வயிற்றில், நான் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் எடுப்பார் என்றேன். "அதான் ஓட்டை போட்டிருக்கு" என்றார் டாக்டர். பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமானதால் ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். மணிக்கணக்கில் விட்டிருந்தால்தான் ஆபத்து, நிமிடக் கணக்கில் ஒன்றும் இல்லை என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அவர் பிழைத்துவிட்டார். ஆனால் பொடிசு பேச்சை நிறுத்திவிட்டாள்.

கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். சாப்பாட்டைத் தட்டில் தள்ளித் தள்ளி விளையாடினாள். எல்லாவற்றையும்விட மோசம், அப்பாவைப் பார்க்க வரமாட்டேன் என்றாள். ஆஸ்பத்திரி என்றதும் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "உன்னைத் திட்ட மாட்டேன்டி, சத்தியமா" என்று குனிந்து சொன்னேன். என்னை உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள், மூடிக்கொண்டாள். என்னிடம் கற்றுக்கொண்ட ஆயுதம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவள் கண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது ஆயுதம் இல்லை, பயம். என்னிடம் சொல்ல முடியாத ஏதோ ஒன்றை அந்தச் சின்ன உடம்பு தூக்கிக்கொண்டு அலைந்தது. அவளாகச் சொல்லாவிட்டால் அது அவளுக்குள்ளேயே வளர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு மாற்றுத் துணி எடுக்க அந்த அறைக்குள் போனேன். கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவை யாருமே நிறுத்தவில்லை. முந்தின நாள் பதினோரு மணியிலிருந்து இந்த வீட்டில் நடந்த எல்லாம் அதற்குள் இருக்கிறது. நிறுத்தினேன். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். அலறலைக் கேட்கத் தைரியம் இல்லை, அதைத் தாண்டி வைத்தேன்.

முதலில் என் குரல் கேட்டது, தூரத்திலிருந்து, உற்சாகமாக. அப்புறம் அவர் முனகல். அப்புறம் கதவுக்கு வெளியே சின்னக் காலடி. மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து பொடிசின் குரல், மைக்குக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

"அப்பா, இது புதுசா?"

முனகல்.

"இன்னொரு தடவ பண்ணுங்கப்பா."

அவள் காத்திருக்கிறாள். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. "பண்ணுங்கப்பா, ப்ளீஸ்" என்கிறாள். அதற்குமேல் என் அதட்டல் வந்துவிடுகிறது. இங்க வா.

பதிவு ஓடிய நேரத்தைப் பார்த்தேன். அந்த அலறலுக்கும் நான் கதவைத் திறந்ததற்கும் நடுவில் பன்னிரண்டு நிமிடம். அவளுக்கு முதல் நொடியிலேயே தெரிந்திருக்கிறது. மீதி நேரம் முழுக்க, உள்ளே கிடக்கிற அப்பாவுக்கும் மேஜையில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்ல வேண்டுமென்றால் கேம் விளையாடியதைச் சொல்ல வேண்டும், சொன்னால் நான் பேசமாட்டேன். என் பிள்ளைக்கு என்மேல் அவ்வளவு பயம். அந்தத் துணிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுதுவிட்டு அந்தப் பதிவை அழித்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொன்னேன். பொடிசு கட்டிலுக்கு அடியில் இருந்தாள். நானும் ஒருவழியாக உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய்ப் படுத்தேன். என் இடுப்பு அதற்கு இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

"நீ கதவுகிட்ட நின்னு அப்பாவைக் கூப்பிட்டது எனக்குத் தெரியும்" என்றேன். "நான்தான் உன்னை அதட்டிக் கூப்பிட்டேன். தப்பு என்மேலதான். லேட்டானதால அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நீ சொன்னதாலதான் அப்பா இருக்காரு."

அவள் கட்டில் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நீ என்ன தப்பு பண்ணினாலும் வந்து சொல்லு. திட்டுவேன், அது என் வாய், நிறுத்த முடியாது. ஆனா பேசாம மட்டும் இருக்க மாட்டேன். எந்தக் காலத்திலயும் இருக்க மாட்டேன்."

என் பக்கம் திரும்பி, "எதைச் சொன்னாலுமா?" என்றாள்.

"எதைச் சொன்னாலும்."

"அப்பா எட்டு மணிக்குத்தானே வருவாரு. அதுக்கு முன்னாடி அப்பா குரல் கேக்கணும்னா அத்தை வீட்டுல கேமைப் போடுவேன்."

"சரி."

"தலையில சுட்டா சத்தமே வராது, பொத்துனு விழுந்துருவாங்க. காலுன்னா கொஞ்சம்தான் வரும்." அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. "வயித்துல சுட்டாத்தான் அப்பா நிறைய நேரம் கத்துவாரு. அதனால நான் வயித்துலயே சுடுவேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"டாக்டர் வயித்துல ஓட்டைன்னு சொன்னாங்கல்ல. அது நான் போட்டதும்மா."

ஐயோ, என் பெண்ணே. இரண்டு நாளாக இதைத் தூக்கிக்கொண்டா திரிந்தாய்? தூக்கம் கெடும், கோபம் கூடும் என்று நாற்பது நிமிடம் பேசுவேனே, அதில் இது எங்கேயுமே இல்லை. அது பொய் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த குழந்தை என்றாரே அவர், அதுவும் இல்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இல்லடி, இல்லடி, மாத்திரைடி என்று நூறு தடவை சொன்னேன். அவள் உடம்பு விறைப்பாகவே இருந்தது. அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும். மூக்கில் குழாயோடு அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். சத்தமாகப் பேசக்கூடாது என்று உத்தரவு. பொடிசு கட்டிலின் கால்மாட்டில், கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கிட்டே வரவில்லை.

"நீயே அப்பாகிட்ட சொல்லு" என்றேன்.

சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆபரேஷன் வலிக்குக்கூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது சிரிக்கப் பார்த்தார்.

"எத்தனை தடவைடி சுட்டே?" கிசுகிசுப்பாகத்தான் குரல் வந்தது.

"தெரியாது. நிறைய."

"அன்னிக்கெல்லாம் ராத்திரி வீட்டுக்கு வந்து உன்னை முதுகுல ஏத்திக்கிட்டு மாடிப்படி ஏறினேனா, இல்லையா?"

"ஏறினீங்க."

"வயித்துல ஓட்டையை வச்சுக்கிட்டு யாராவது ஏற முடியுமா?"

அவள் யோசித்தாள். நியாயம் பேசுகிற பிள்ளை, அதில் என்னைப் போல. "முடியாது" என்றாள். ஆனால் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்த டாக்டரை, "ஒரு நிமிஷம் இங்க வாங்க டாக்டர், இவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று வகுப்புப் பிள்ளையை அழைக்கிற மாதிரி அழைத்து வந்து நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் புண்ணியவதி சிரிக்கவில்லை. பொடிசின் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"உங்கப்பா வயித்தைத் திறந்து என் கையால தச்சது நான்தான். உள்ள நான் பாத்தேன். மாத்திரை அரிச்சு விழுந்த ஓட்டை அது. இவ்வளவுதான் இருந்துச்சு" என்று சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். "குண்டு கிண்டு ஒண்ணும் இல்ல. நல்லாத் தேடிப் பாத்தேன்."

நல்லாத் தேடிப் பாத்தேன் என்றாரே, அதுதான் வேலை செய்தது. பொடிசின் தோள் தொங்கியது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு அப்பாவிடம் போனாள். போர்வைக்கு மேலே, கட்டு இருக்கிற இடத்தைத் தொடாமல், அதற்கு ஒரு விரல் மேலே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இனிமே வயித்துக்குப் பண்ணாதீங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"பண்ணல" என்றார். அப்புறம்தான் அவள் அழுதாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாத்தனார் அந்தக் கேமை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். பொடிசும் கேட்பதில்லை. சாயந்திரம் ஆறு மணிக்கு ஸ்டுடியோவுக்கு வெளியே நின்று அவர் போன் செய்கிறார், இரண்டு பேரும் பத்து நிமிடம் உருப்படாத கதை பேசுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் இப்போதும் விளையாட விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அப்படியே விளையாடிவிட்டு வந்தால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பேச்சு நாற்பத்தைந்து நிமிடமாகிவிட்டது.

இரண்டாம் பாகம் போன மாதம் வெளியானது. டைரக்டர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தும் இவர் வயிற்று அலறலை மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார், காரணமும் சொல்லவில்லை. அதனால் தோளில் பட்டாலும் காலில் பட்டாலும் மாடியிலிருந்து விழுந்தாலும் என் வீட்டுக்காரர்தான் கத்துகிறார். வயிற்றில் பட்டவனுக்கு மட்டும் வேறு யாரோ ஒருவருடைய குரல். அந்த மனிதர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் ஒரு பொடிசு இருக்கிறதோ என்னவோ.